சமூக உளவியல் கருத்தாக்கங்களும் தமிழ் வினாநிரல்களின் மொழியும்

சமூக உளவியலின் அடிப்படைக் கருத்தாக்கங்களைத் தமிழில் தரும் முயற்சி, கல்லூரிப் பாடங்களைத் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கிய 1960களிலிருந்து நடந்துவருகிறது. மனப்பான்மை, நெறிமுறை, ஒத்துப்போதல், முற்சாய்வு, அகக்குழு, புறக்குழு முதலிய சொற்கள் பாடநூல்களிலும் கலைச்சொல் தொகுதிகளிலும் ஆய்வேடுகளிலும் இடம்பெற்றுள்ளன. இவற்றைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி நிகழ்ந்துள்ளது: ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றுக்கு நிகரான தமிழ்ப் பெயர்ச்சொல் எது? இவ்வினா தேவையானதே. ஆயினும் சமூக உளவியல், தன் கருத்தாக்கங்களை வாக்கியங்களைக் கொண்டு அளக்கும் துறையாகும். தகவலாளர் ஒரு கூற்றைப் படிக்கிறார். ‘உடன்படுகிறேன்’ என்ற கட்டத்தில் குறியிடுகிறார். அக்குறி எண்ணாக மாறி, பின்னர் மனப்பான்மை என்னும் பெயரைப் பெறுகிறது. பெயர்ச்சொல் செம்மையாக அமைந்தும் வாக்கியம் பிழைபட்டால், அளக்கப்பட்டது வேறொன்றாகிவிடும். அவ்வாறு பிழைபடும் சில இடங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

மனப்பான்மை என்னும் சொல்

1935இல் கார்டன் ஆல்போர்ட், ‘ஆட்டிட்யூட்’ என்பதே அமெரிக்கச் சமூக உளவியலின் தனித்தன்மை வாய்ந்த, இன்றியமையாத கருத்தாக்கம் என்றார். இச்சொல் முதலில் ஓவிய, சிற்பக் கலைஞர்களின் சொல். உருவம் நிற்கும் நிலையை, உடல் ஒன்றை நோக்கிச் சாய்ந்திருக்கும் பாங்கைக் குறித்தது. உளவியலுக்கு வந்தபின்னும் ஒன்றை ‘நோக்கி’ நிற்றல் என்னும் பொருட்கூறு அதனிடம் எஞ்சியுள்ளது. பொருள் ஒன்றின்றி இக்கருத்தாக்கம் இல்லை. அப்பொருள்மீது விருப்பமோ வெறுப்போ ஆகிய ஒரு சாய்வும் வேண்டும்.

தமிழில் நிலைபெற்ற ‘மனப்பான்மை’ இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வருகிறது. பான்மை என்பது இயல்பு, தன்மை. எனவே மனப்பான்மை என்பது மனத்தின் இயல்பு. பொதுவழக்கில் இச்சொல் ஏற்கும் அடைகளை நோக்கினால் இது புலப்படும்: அடிமை மனப்பான்மை, சுயநல மனப்பான்மை, தாழ்வு மனப்பான்மை. இவற்றுள் இறுதியானது ‘காம்ப்ளெக்ஸ்’ என்பதன் பெயர்ப்பு; ஆக ஒரே தமிழ்ச்சொல் உளவியலின் இரு வேறு கருத்தாக்கங்களுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. மேலும், இத்தொகைகளில் முன்மொழி மனத்தின் வகையைக் கூறுகிறதே அன்றி, மனம் நோக்கும் பொருளைக் கூறுவதில்லை. அடிமை மனப்பான்மை என்பது அடிமையின் மனம். அடிமைகளைப் பற்றி ஒருவர் கொண்ட கருத்தை அது குறிக்காது. இந்த வாய்பாட்டில் ‘சாதி மனப்பான்மை’ என்று எழுதும்போது, சாதியுணர்வில் ஊறிய மனம் என்றே வாசகர் கொள்வர். சாதி முறையை வெறுப்பவருக்கும் சாதியைப் பற்றிய ‘ஆட்டிட்யூட்’ உண்டு என்பது அத்தொடரில் மறைந்துபோகிறது. மொழியியலார் தாமே பயன்படுத்தும் ‘மொழி மனப்பான்மை’ என்பதும் இக்குறைக்கு ஆளானதே.

இதற்கு ஒரு தீர்வாக மனப்பாங்கு, உளப்போக்கு, எண்ணப்போக்கு என்று புதிய பெயர்கள் முன்வைக்கப்படுகின்றன. மனப்பாங்கு ஓரளவு மேலானது. தாழ்வு மனப்பான்மையின் நிழல் அதன்மேல் விழுவதில்லை. ஆனால் சிக்கலின் வேர் தொகையில் இருக்கிறது. ‘சாதிபற்றிய’, ‘சாதியின் மீதான’ என்று உறவை விரித்து எழுதினால் பழைய சொல்லே பெரிதும் பயன்படும். கலைச்சொல் சுருக்கமாக இருக்கவேண்டும் என்னும் விதி இங்குத் தீங்கு செய்துள்ளது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு ரிச்சர்டு லாபியரின் ஆய்வு சான்று. அவர் சீனத் தம்பதியர் ஒருவருடன் அமெரிக்காவில் பயணம் செய்து, விடுதிகளும் உணவகங்களுமாக 251 இடங்களுக்குச் சென்றார். ஓரிடத்தில் மட்டுமே அவர்களுக்கு மறுப்புக் கிடைத்தது. பின்னர் அவ்விடங்களுக்கே வினாநிரல் அனுப்பியபோது, விடையளித்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சீனரை ஏற்கமாட்டோம் என்று எழுதினர். ஆய்வு 1934இல் வெளிவந்தது. ‘மனத்தின் இயல்பு’ என்னும் பொருளில் மனப்பான்மையைப் படிக்கும் மாணவருக்கு இம்முடிவு பாசாங்கு என்றோ கோழைத்தனம் என்றோ தோன்றும். இயல்புக்கும் செயலுக்கும் முரண் என்றால் வேறென்ன சொல்வது? ஒரு பொருளை நோக்கிய சாய்வு என்று படிப்பவருக்கோ, தாளில் கண்ட ‘சீன இனத்தவர்’ என்னும் சொல்லும் நேரில் நின்ற, நன்கு உடுத்திய இருவரும் ஒரே பொருள்தானா என்னும் ஐயம் எழும். இத்துறையில் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் பல இந்த ஐயத்திலிருந்து கிளைத்தவை. சொல்லே அந்த ஐயத்தை அடைத்துவிடலாகாது.

ஐந்தாவது கட்டம்

மனப்பான்மையை அளக்க இயலும் என்று 1928இல் வாதிட்டவர் தர்ஸ்டன். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் எளிய முறையொன்றைத் தந்தார். கூற்று ஒன்றுக்கு ஐந்து மறுமொழிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்; கூற்றுகள் அனைத்தின் மதிப்பெண்களையும் கூட்டினால் தகவலாளரின் நிலை தெரியும். தமிழ் வினாநிரல்களில் இவ்வைந்தும் பெரும்பாலும் பின்வருமாறு அமைகின்றன: முழுமையாக உடன்படுகிறேன்; உடன்படுகிறேன்; முடிவு கூற இயலவில்லை; உடன்படவில்லை; முழுமையாக உடன்படவில்லை.

ஐந்தாவது கட்டத்தை இலக்கண நோக்கில் காண்க. ‘முழுமையாக’ என்னும் வினையடை எதிர்மறையின் எல்லைக்கு வெளியே நிற்கிறதா, உள்ளே நிற்கிறதா? வெளியே நின்றால் ‘உடன்படாமை முழுமையானது’ என்று பொருள். ஆய்வாளர் கருதுவது இதுவே. உள்ளே நின்றால் ‘முழுமையாக உடன்படுகிறேன் என்பது இல்லை’, அதாவது ஓரளவு உடன்படுகிறேன் என்று பொருள். தமிழில் இயல்பாக முந்தி நிற்பது இரண்டாவது பொருளே. ‘வீடு முழுமையாகக் கட்டப்படவில்லை’ என்றால் சுவர்கள் எழும்பிவிட்டன. பூச்சு வேலை எஞ்சியிருக்கலாம். ‘நோய் முற்றிலும் குணமாகவில்லை’ என்றால் நோயாளி தேறிவருகிறார். ‘முழுமையாக’ என்பதை நீக்கி ‘முற்றிலும்’ என்று போடுவதால் சிக்கல் தீர்வதில்லை என்பதை இரண்டாம் எடுத்துக்காட்டு காட்டும்.

விளைவு என்ன? ஒரு கூற்றை ஓரளவு ஏற்பவர், தம் நிலைக்குப் பொருத்தமான வாக்கியம் எது என்று ஐந்தையும் படிக்கிறார். ‘முழுமையாக உடன்படவில்லை’ என்பது அவர் நிலையைச் சரியாகச் சொல்கிறது. அங்குக் குறியிடுகிறார். மூன்றோ நான்கோ பெறவேண்டியவர் ஒன்று பெறுகிறார். அளவுகோலின் நடுவில் நிற்பவர் கடைக்கோடிக்குத் தள்ளப்படுகிறார். அட்டவணையில் இவர் கடும் எதிர்ப்பாளராகவே தோன்றுவார். கூட்டலும் சராசரியும் இப்பிழையைக் காட்டிக்கொடுக்கா. ஐந்து கட்டங்களும் ஏறுவரிசையில் அச்சிடப்பட்டிருப்பதால் படித்தவர்கள் வரிசையைக் கொண்டு பொருளை ஊகித்துக்கொள்வர் என்று வாதிடலாம். ஊகிப்பவர்களும் ஊகிக்காதவர்களும் ஒரே ஆய்வில் கலந்திருப்பது, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வதைவிட மோசமானது.

மீள்மொழிபெயர்ப்பு இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. 1970இல் பிரிஸ்லின் விளக்கிய இம்முறையில், தமிழாக்கத்தை மூலம் அறியாத வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் ஆக்குவார்; இரு ஆங்கில வடிவங்களும் ஒப்பிடப்படும். ஆனால் ஆங்கிலத்தில் வினாநிரல்களைப் பார்த்துப் பழகிய எவரும் ஐந்தாவது கட்டத்தைக் கண்டவுடன், அது எதன் பெயர்ப்பு என்பதை அறிந்துவிடுவார். அவர் எழுதும் ஆங்கிலம் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் இருவருக்கும் பொதுவான பயிற்சி, வாக்கியத்தின் பொருள் மயக்கத்தை மறைத்துவிடுகிறது. இம்முறையைப் பின்பற்றியதாக ஓர் ஆய்வேடு கூறுவது, அதன் வினாநிரல் தமிழில் சரியாக இயங்கியதற்குச் சான்றாகாது.

மாற்றுகள் சில வழங்குகின்றன. ‘வன்மையாக மறுக்கிறேன்’ என்பது ஒன்று. மறுத்தல் மனநிலையைக் குறிக்கும் வினை அன்று. சொல்லால் செய்யும் செயல். குற்றச்சாட்டையும் வேண்டுகோளையும் மறுக்கிறோம். ‘சிறிதும் உடன்படவில்லை’ என்பது இன்னொன்று. ‘சிறிதும்’, ‘சற்றும்’ ஆகியவை இத்தகைய தொடரில் எதிர்மறையோடு மட்டுமே இயைவன. ஆதலால் பொருள் மயக்கத்திற்கு இடமில்லை. ஆனால் அது உடன்பாட்டின் சுழியைக் குறிக்கிறது; எதிர்ப்பின் உச்சத்தைக் குறிப்பதில்லை. உண்மையில் நான்காவது கட்டத்திற்கும் இக்குறை உண்டு. கருத்தே இல்லாதவரும் ‘உடன்படவில்லை’ என்று உண்மையாகவே கூறலாம். ‘உடன்பாடு நிகழவில்லை’ என்பதற்குமேல் அவ்வெதிர்மறை எதையும் கூறுவதில்லை. எனவே மூன்றாம், நான்காம் கட்டங்களுக்கிடையிலான எல்லையும் மங்குகிறது.

எதிர்மறை வடிவத்தையே கைவிட்டு உடன்பாட்டு வடிவமுள்ள எதிர்ச்சொல்லைக் கொள்வதே தக்கது. அச்சொல் தமிழில் உள்ளது: மாறுபடு. ‘முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், முடிவு கூற இயலவில்லை, மாறுபடுகிறேன், முழுமையாக மாறுபடுகிறேன்’ என்னும் வரிசையில் இரு முனைகளும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. வினையடைக்கு ஒரே பொருள்தான். கருத்தில்லாதவர் ‘மாறுபடுகிறேன்’ என்று கூற இயலாது. அளவுகோல்கள் பலவற்றில் இந்த எளிய மாற்றம் செய்யப்படாமல் இருப்பது வியப்பு.

எழுத்து வடிவம் செம்மையானபின்னும் களத்தில் ஒரு தடை எஞ்சும். படிக்க இயலாத தகவலாளரிடம் களப்பணியாளர் வினாநிரலைப் பேச்சுத்தமிழில் மாற்றிக் கேட்பார். ‘உடன்படுகிறீர்களா’ என்பது பேச்சில் வழங்காது, ‘இத ஒத்துக்கிறீங்களா?’ என்றாகும். ஒத்துக்கொள்ளுதல் என்பது குற்றத்தையோ தோல்வியையோ உண்மையையோ ஏற்பது. கூற்று மெய் என்பதைக் கேள்வியே ஏறக்குறைய முடிவுசெய்துவிடுகிறது. தகவலாளர் செய்யவேண்டியது அதற்கு இடங்கொடுப்பதுதான். வினாநிரல்களில் ‘ஆம்’ என்று சொல்லும் போக்கு எல்லா மொழிகளிலும் பேசப்படுவது. தமிழில் அதன் ஒரு பகுதி தகவலாளரின் பணிவால் விளைவதா, வினையின் பொருளால் விளைவதா என்பதை முதலில் பிரித்தறியவேண்டும். ‘இது சரின்னு நினைக்கிறீங்களா, தப்புன்னு நினைக்கிறீங்களா?’ என்று இருபுறமும் திறந்த வடிவத்தைக் களப்பணியாளர் கையில் எழுதியே கொடுத்துவிடுவது நலம்.

நாமும் நாங்களும்

குழுவுணர்வு பற்றிய ஆய்வில் தமிழ் இலக்கணம் தடையாகவும் வாய்ப்பாகவும் அமைகிறது. ஹென்றி தாஜ்ஃபெலும் அவருடன் பணிபுரிந்தோரும் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களைக் கொண்டு நடத்தி, 1970, 1971 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகள் நன்கறியப்பட்டவை. கிளே, காண்டின்ஸ்கி ஆகிய ஓவியர்களுள் யாரை விரும்புகிறார்கள் என்பது போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லி மாணவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வளவில் தம் குழுவினருக்கே அவர்கள் கூடுதலாகப் பரிசு பகிர்ந்தனர். இதிலிருந்து கிளைத்த ஆய்வுகளுள் ஒன்று, பெர்டியூவும் பிறரும் 1990இல் வெளியிட்டது. தன்மைப் பன்மைச் சொற்களோடு இணைத்துக் காட்டப்பட்ட பொருளற்ற அசைகளை, படர்க்கைப் பன்மைச் சொற்களோடு இணைக்கப்பட்டவற்றைவிட இனியவையாக மாணவர்கள் மதிப்பிட்டனர் என்பது அதன் முடிவு.

அச்சோதனையைத் தமிழில் செய்யமுற்படுபவர் முதல் அடியிலேயே நின்றுவிடுவார். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என இரண்டு உள்ளன. முன்னது கேட்போரை உள்ளடக்குவது, பின்னது விலக்குவது. அகக்குழு என்னும் கருத்தாக்கம் இவற்றுள் எதைச் சார்ந்தது? ‘நாங்கள்’ என்பதே குழுவின் எல்லையைத் தெளிவாக வரைகிறது. ஆனால் இனிமை ‘நாம்’ என்பதில்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கலந்து கிடக்கும் இரண்டையும் தமிழில் தனித்தனியே சோதிக்க இயலும். தமிழைக் கொண்டு இத்துறைக்கே ஏதேனும் சேர்க்க இயலும் இடம் இது. தமிழாக்கம் செய்வோர் இதைப் பெரும்பாலும் இடையூறாகக் கருதி, ஏதோ ஒன்றைத் தேர்ந்து கடந்துபோகின்றனர்.

வினாநிரலில் அத்தேர்வுக்கு விலை உண்டு. ‘நம் மக்கள்’ என்று அச்சிட்டால் வினாநிரலை எழுதியவரும் அக்குழுவுக்குள் வந்துவிடுகிறார். களப்பணியாளர் வேறு ஊரினராகவோ வேறு சமூகத்தவராகவோ இருந்து, அக்கூற்றை உரக்கப் படித்தால், தகவலாளர் மனத்தில் குழுவின் எல்லை சாதியிலிருந்து ஊருக்கோ, ஊரிலிருந்து மொழிக்கோ விரிந்துவிடும். அவர் எந்த எல்லையை எண்ணி விடையளித்தார் என்பது பதிவாவதில்லை. பேச்சில் ‘நம்ம’ என்பது உரிமையையும் நயத்தையும் காட்டவும் வரும் என்பது சிக்கலை மிகுவிக்கிறது. ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்பவர் வீட்டைப் பங்கிடுவதில்லை. எனவே அச்சிட்ட கூற்றுகளில் தன்மைப் பன்மையைத் தவிர்த்துக் குழுவின் பெயரையே இடுவதும், திறந்த வினாக்களுக்குத் தகவலாளர் தாமாகப் பேசும்போது எச்சொல்லை ஆள்கிறார் என்பதைத் தரவாகவே குறித்துக்கொள்வதும் பொருந்தும்.

வேற்றுமை உருபு காக்கும் வேறுபாடு

ஒரு குழுவின் போக்கிற்கு ஏற்ப மாறுதல், ஒருவர் கேட்டதைச் செய்தல், அதிகாரியின் கட்டளையை நிறைவேற்றுதல் ஆகிய மூன்றையும் சமூக உளவியல் வேறுபடுத்துகிறது. ‘இணக்கம்’ என்னும் பெயர் தமிழில் முதலிரண்டுக்கும் மாறிமாறி வழங்குகிறது. மாணவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. ஆனால் வினைகளாக எழுதிப் பார்த்தால் குழப்பம் மறைகிறது: குழுவோடு ஒத்துப்போகிறார், வேண்டுகோளுக்கு இணங்குகிறார், கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார். உடனிகழ்ச்சி உருபும் நான்காம் வேற்றுமையும், அவற்றை ஏற்கும் பெயர்களும் வேறுபாட்டைத் தாமே காக்கின்றன. கலைச்சொல் தொகுதிகள் வினையையும் அது ஏற்கும் வேற்றுமையையும் ஒரு குறுந்தொடரோடு தந்தால், வரையறைக்கு வேண்டிய இடத்தில் பாதி மிச்சமாகும்.

ஒத்துப்போதல் என்பது தமிழில் பெரிதும் பாராட்டு. புகுந்த வீட்டில் ஒத்துப்போகும் மருமகளை யாரும் குறைகூறுவதில்லை. ஆங்கிலச் சொல்லில் ஒரு கண்டனத்தின் சாயல் உண்டு. சாலமன் ஆஷின் கோட்டுச் சோதனையைத் தமிழில் விளக்குவோர் இதை மனங்கொள்ளவேண்டும். அதைவிட வெளிப்படையான பிழை ஒன்று பாடங்களில் காணப்படுகிறது. கூட்டாளிகள் ஒருமித்துத் தவறான விடை கூறிய முறைகளில், சோதனைக்கு உட்பட்டோர் தந்த விடைகளுள் ஏறத்தாழ 37 விழுக்காடு பெரும்பான்மையைப் பின்பற்றியவை. இது ‘மூன்றில் ஒரு பங்கினர் பணிந்தனர்’ என்று எழுதப்படுகிறது. ‘பங்கு’ என்பதோடு ‘இனர்’ சேர்ந்தவுடன் விடைகளின் கணக்கு மனிதர்களின் கணக்காகிவிட்டது. பெரும்பாலோர் ஒருமுறையேனும் பின்பற்றினர். ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒருமுறைகூடப் பின்பற்றவில்லை. ஆஷ் தாமே வலியுறுத்தியது, பெரும்பான்மை விடைகள் சார்பற்றவையாக நின்றன என்பதை. கீழ்ப்படிதலைப் பொறுத்தமட்டில் இச்சிக்கல் இல்லை. 1963இல் மில்கிராம் வெளியிட்ட சோதனையில் நாற்பதின்மருள் இருபத்தாறு பேர் இறுதி மின்னழுத்தம் வரை சென்றனர் என்பது மனிதர்களின் கணக்கேதான்.

காரணம் கற்பித்தல்

பிறர் செயலுக்கு அவர் இயல்பைக் காரணமாகக் காண்பதா, சூழலைக் காண்பதா என்பது இத்துறையின் இன்னொரு அடிப்படை வினா. இயல்பையே மிகையாகக் காணும் போக்கிற்கு 1977இல் லீ ராஸ் ‘அடிப்படைப் பிழை’ எனப் பெயரிட்டார். இவ்வாய்வுகளில் சிறு நிகழ்ச்சிகளை எழுதிக்கொடுத்து விளக்கம் கேட்பது வழக்கம். தமிழில் நிகழ்ச்சியை எழுதும்போதே காரணம் பாதி சொல்லப்பட்டுவிடுகிறது. ‘சாடி உடைந்தது’ என்றால் செய்தவர் இல்லை. ‘உடைக்கப்பட்டது’ என்றால் எங்கோ ஒருவர் இருக்கிறார். ‘உடைத்துவிட்டான்’ என்றால் அவனே. தன்வினை, பிறவினை இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வடிவம் நிற்கக்கூடும். தமிழாக்குபவர் தேர்ந்தே ஆகவேண்டும்.

விடைகளை வகைப்படுத்துவதிலும் இச்சிக்கல் தொடர்கிறது. ஜோன் மில்லர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவினர் வயது ஏறஏற இயல்பையும், மைசூரைச் சேர்ந்த இந்துக்கள் வயது ஏறஏறச் சூழலையும் மிகுதியாகக் காரணமாகக் கூறினர். பண்பாட்டு உளவியலில் பெரிதும் எடுத்தாளப்படும் ஆய்வு இது. இதே ஆய்வைத் தமிழ் பேசுவோரிடம் செய்பவர், ‘அவர் கோபக்காரர்’ என்னும் விடையை இயல்பு என்று தயங்காமல் குறிப்பார். ‘அவருக்குக் கோபம் வந்துவிட்டது’ என்பதில் கோபம் எழுவாய். மனிதர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வகைப்படுத்துபவர் இதைச் சூழல் என்று குறிக்க இடமுண்டு. ‘அவருக்குக் கோபம் வரும்’ என்பதோ அதே வேற்றுமை அமைப்பைக் கொண்டும், ‘உம்’ ஈற்று வினையால் நிலையான இயல்பைக் குறிக்கிறது. பெயர்ச்சொற்களை மட்டும் தேடும் வகைப்பாட்டுக் கையேடு இம்மூன்றாவதைத் தவறவிடும். இயல்பு என்னும் பத்தியில் எண்ணிக்கை குறையும். குறைந்த எண்ணிக்கை பண்பாட்டின் இயல்பாக விளக்கப்படும். கையேட்டில் ‘வந்தது’, ‘வரும்’, ‘வந்துவிடும்’ ஆகிய வினைவடிவங்களுக்குத் தனித்தனிக் குறியீடு அமைத்து, அவற்றை முதலில் தனியே எண்ணி, அதன்பின் இயல்பு, சூழல் என்னும் இரு பத்திகளுக்குள் கொண்டுவருவதே முறை.